ஐந்து கிலோவுக்கு ஒற்றைக்கால்

கிரிக்கெட் ஆடுகளத்தின் நடுவிலிருந்து எல்லைக்கோடு 59 மீட்டருக்குக் குறையாமலும் 82 மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கோட்டுக்கு வெளியே உட்காரும் புகைப்படக்காரருக்கும் மட்டையாளருக்கும் இடையே 70 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தொலைவில், முழு அளவு சென்சார் உள்ள கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் பிடிக்கும் காட்சி 6.3 மீட்டர் அகலம், 4.2 மீட்டர் உயரம். மட்டையாளர், ஸ்டம்ப், விக்கெட் கீப்பரின் கையுறை என்று ஒரு பந்தின் கதைக்குத் தேவையானவை அதற்குள் வந்துவிடும். 600 மி.மீ. மாட்டினால் அகலம் 4.2 மீட்டராகச் சுருங்கும். 50 மி.மீ. லென்ஸில் இதே மட்டையாளர் பச்சைப் பாயில் விழுந்த அரிசி போலத்தான் தெரிவார்.

நீண்ட லென்ஸ் கனமாக இருப்பதற்குக் காரணம் அதன் நீளமல்ல, வாய். 400ஐ 2.8ஆல் வகுத்தால் 143. எஃப் 2.8 திறப்பு கொண்ட 400 மி.மீ. லென்ஸின் முகப்புக் கண்ணாடி குறைந்தது 143 மி.மீ. விட்டம் இருந்தாக வேண்டும்; சாப்பாட்டு மேசையில் கறி வைக்கும் சிறு தட்டளவு. மும்பை வான்கடே அரங்கில் இரவு விளக்கொளியில் நடக்கும் ஐ.பி.எல். ஆட்டத்துக்கு இந்த வாய் வேண்டும். சனிக்கிழமை காலை மாட்டுங்கா தட்கர் மைதானத்தில் நடக்கும் கிளப் ஆட்டத்துக்கு வேண்டாம். 600 மி.மீ.யில் எஃப் 6.3 மட்டுமே திறக்கும் ஜூம் லென்ஸ்களுக்கு 95 மி.மீ. வாய் போதும். சோனியின் 200-600 ஏறக்குறைய 2.1 கிலோ, சிக்மாவின் 150-600 காண்டெம்பரரி 1.9 கிலோ. வெயில் இருக்கும்வரை இவற்றுக்கு ஒரு குறையுமில்லை.

எஃப் 2.8 கூட்டத்தின் எடை முப்பது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. கேனன் 1991இல் வெளியிட்ட 400 மி.மீ. லென்ஸ் 6.1 கிலோ. 1999இல் அதிர்வுக் கட்டுப்பாட்டோடு வந்தது 5.4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 2011இல் வந்தது 3.85, 2018இல் வந்தது 2.84. சோனியின் 400, நிக்கானின் இசட் வரிசை 400 இரண்டும் மூன்று கிலோவுக்குள்தான். எடை குறைந்ததோடு கனமான கண்ணாடிகள் முன்பக்கத்திலிருந்து கேமராவை நோக்கி நகர்ந்தும் வந்துவிட்டன. அதனால் இடது கைக்கு வரும் பாரம், தராசு காட்டும் கணக்கைவிடவும் குறைவாகவே தெரிகிறது. ஆனால் கைமாறி வரும் பழைய லென்ஸ்கள் பெரும்பாலும் நான்கு, ஐந்து கிலோத் தலைமுறையைச் சேர்ந்தவை. கேமராவையும் சேர்த்தால் ஐந்தரை, ஏழு கிலோ வரை போகும்.

அந்த எடையைத் தாங்க எதை வாங்குவது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கை நடுக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். பிரச்சினை அதுவல்ல. மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்து விநாடிக்கு 39 மீட்டர் ஓடுகிறது. ஷட்டர் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்தாலே அது 39 மி.மீ. நகர்ந்துவிடும், கிட்டத்தட்டப் பந்தின் விட்டத்தில் பாதி. ஆகவே கிரிக்கெட் படங்கள் ஆயிரத்தில் ஒன்று, இரண்டாயிரத்தில் ஒன்று என்ற வேகங்களில்தான் எடுக்கப்படுகின்றன. அந்த வேகத்தில் மனிதக் கையின் நடுக்கம் படத்தில் பெரும்பாலும் விழுவதில்லை.

விழுவது களைப்பு. டெஸ்ட் ஆட்டத்தின் ஒரு நாள் என்பது 90 ஓவர், 540 பந்து. பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கியதிலிருந்து பந்து அடங்கும்வரை பத்து விநாடி லென்ஸைத் தூக்கிப் பிடிப்பதாக வைத்தாலும், ஒரு நாளில் 90 நிமிடம் ஐந்து கிலோவைக் கண்ணருகே ஏந்தியாக வேண்டும். முதல் மணி நேரத்தில் யாருக்கும் இது தெரியாது. தேநீர் இடைவேளைக்குப் பிறகு முழங்கை இறங்கும். காட்சி ஒரு பக்கம் சாயும். பந்து அடங்குவதற்கு ஒரு நொடி முன்னதாகவே லென்ஸ் மடிக்கு வந்துவிடும். ரன் அவுட் நடப்பது அந்த நொடியில்தான். விளையாட்டுப் படத்துக்கான தாங்கி என்பது முதலில் சுமைதாங்கி. நடுக்கத்தைக் குறைப்பது அதோடு சேர்ந்து வரும் லாபம்.

இந்த வேலையை மோனோபாட் எனும் ஒற்றைக்கால் அளவுக்குச் செய்யும் கருவி வேறில்லை. மேலும் கீழுமான அசைவை அது முழுக்க நிறுத்துகிறது. பக்கவாட்டில் திரும்புவதையோ முன்னும் பின்னும் சாய்வதையோ தடுப்பதில்லை. தடுக்காததுதான் அதன் பெருமை. பந்து பாயிண்ட் பக்கம் போனாலும் ஃபைன் லெக் பக்கம் போனாலும் உடம்பு திரும்பும் வேகத்தில் லென்ஸும் திரும்பும்.

மோனோபாட்டைக் கேமராவின் அடியில் திருகுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. நீண்ட லென்ஸின் நடுவில் ஒரு வளையமும் அதிலிருந்து இறங்கும் ஒரு பாதமும் இருக்கும். திருக வேண்டியது அந்தப் பாதத்தில். கேமராவில் திருகினால் மொத்த லென்ஸும் கேமராவின் வாய்வளையத்தில் தொங்கும்; முன்பக்கம் எந்நேரமும் குப்புற விழப் பார்க்கும். பாதத்தில் திருகினால் எடை இருபுறமும் ஏறக்குறையச் சமமாகும். வளையத்தைத் தளர்த்தி, கோலை அசைக்காமல் லென்ஸோடு கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிக்கொள்ளவும் முடியும். பாதத்தில் பெரும்பாலும் இரண்டு திருகுத் துளைகள் உண்டு: கால் அங்குலம் ஒன்று, எட்டில் மூன்று அங்குலம் ஒன்று. கனமான லென்ஸுக்குப் பெரியதைத்தான் பயன்படுத்த வேண்டும். சின்னத் திருகு உடைவதில்லை, ஆனால் பக்கவாட்டு விசையில் மெல்லத் தளர்ந்துவிடும். தளர்ந்தது லென்ஸ் சுழலும்போதுதான் தெரியவரும்.

நின்று எடுப்பவர் மோனோபாட்டின் நுனியைத் தன் இரு பாதங்களுக்கு ஓரடி முன்னே ஊன்றி, கோலைத் தன் பக்கமாகச் சற்றே சாய்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கால்களோடு மூன்றாவது காலாக அது சேரும்போது ஒரு முக்காலியே உருவாகிவிடுகிறது. உயரம் கண் மட்டத்துக்கு ஒரு விரற்கடை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை, குறையக் கூடாது. குறைந்தால் குனிய வேண்டும். ஒரு நாள் குனிந்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது.

எல்லைக்கோட்டுப் புகைப்படக்காரர்களில் பலர் நிற்பதில்லை, உட்காருகிறார்கள். பின்னால் இருக்கும் பார்வையாளர்களுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் மறைக்காமல் இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். தாழ்ந்த கோணத்தில் மட்டையாளரின் பின்னணி தெளிவாக அமைவது இன்னொன்று. குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தால் மோனோபாட் 80 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்க வேண்டும். அதனால் வாங்கும்போது அது எவ்வளவு உயரம் போகும் என்பதை மட்டுமல்ல, எவ்வளவு தாழும் என்பதையும் பார்க்க வேண்டும். நான்கு பகுதிகளாக மடிவது இதற்கு ஏற்றது. ஐந்து, ஆறு பகுதிகளாக மடிவது பைக்குள் அழகாக அடங்கும். ஆனால் கடைசிப் பகுதி சுண்டுவிரல் பருமனில் வந்து நின்று, ஐந்து கிலோவின் கீழ் மூங்கில் கழி போல வளையும்.

மோனோபாட்டின் மேலே, லென்ஸைச் சாய்க்க உதவும் ஹெட் எனும் தலை வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் ஆட்டம் கண்மட்டத்தில் நடக்கிறது. கோலைச் சற்று முன்னும் பின்னும் சாய்த்தாலே போதுமானதால், பாதத்தை நேராக மோனோபாட்டில் திருகிவிடுகிறார்கள். எடை குறையும், தளரக்கூடிய மூட்டு ஒன்றும் குறையும். தஹி ஹண்டி வேறு மாதிரி. 2022இல் மகாராஷ்டிர அரசு சாகச விளையாட்டாக அறிவித்த அந்த மனிதக் கோபுரம் எட்டு, ஒன்பது அடுக்கு ஏறும். தெருவில் நிற்பவர் லென்ஸை அடியிலிருந்து உச்சிவரை தூக்கிக்கொண்டே போக வேண்டும். அங்கே முன்-பின் மட்டும் சாயும் தலை ஒன்று தேவை. எல்லாப் பக்கமும் உருளும் பால் ஹெட்டை மோனோபாட்டில் மாட்டுவது நல்லதல்ல. பிடியைத் தளர்த்திய கணத்தில் லென்ஸ் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. இடுக்கில் விரல் இருந்தால் அதற்கும் பொறுப்பில்லை.

பெட்டியில் ‘10 கிலோ தாங்கும்’ என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தாங்கும் எடையை அளக்க எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது முறை எதுவும் கிடையாது. ஒருவர் உடையாத எடையை எழுதுவார், இன்னொருவர் வழுக்காத எடையை எழுதுவார். லென்ஸும் கேமராவும் சேர்ந்த எடையைப்போல் இரு மடங்கு எழுதியிருந்தால் வாங்கலாம் என்பது கைக்கணக்கு. அதைவிட நம்பகமான சோதனை கடையிலேயே இருக்கிறது: மோனோபாட்டை முழுக்க நீட்டிப் பூட்டி, உச்சியில் இரு கைகளையும் வைத்து உடம்பின் பாரத்தைக் கொடுத்துப் பார்ப்பது. பூட்டு வழுக்கினால் அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

அலுமினியமா, கார்பன் ஃபைபரா என்ற கேள்விக்கு மும்பையில் விடை எளிது: பணம் இருந்தால் கார்பன். கிட்ஸோ நிறுவனம் 1994இல் முதலில் கொண்டுவந்த கார்பன் கால்கள் அலுமினியத்தைவிடக் கணிசமாக எடை குறைந்தவை. மே மாத வெயிலில் தொட்டால் சுடுவதுமில்லை. ஆனால் மோனோபாட் ஒரே கால்தான். முக்காலியில் மும்மடங்காகும் எடை மிச்சம் இங்கே இருநூறு, முந்நூறு கிராமோடு நின்றுவிடும். சில ஆயிரம் ரூபாயில் முடியும் பொருளுக்குப் பல பத்தாயிரம் கொடுப்பதற்கு முன் அந்த இருநூறு கிராமை நினைத்துக்கொள்ளலாம்.

டிரைபாட் எனும் முக்காலியை விளையாட்டு மைதானத்தில் அரிதாகப் பார்ப்பதற்குக் காரணம் ஆசாத் மைதானத்தில் ஒரு மணி நேரம் நின்றால் புரியும். அங்கே 22 ஆடுகளங்கள் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. ஒரு ஆட்டத்தின் கவர் பாயிண்ட், அடுத்த ஆட்டத்தின் லாங் ஆனுக்கு முதுகு காட்டி நிற்பார். எந்தப் பந்து எங்கிருந்து வருகிறது என்று கணிக்க முடியாத இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் காலைப் பரப்பி நிற்கும் பொருள் ஆட்டக்காரர்களுக்கும் ஆபத்து, அதன் சொந்தக்காரருக்கும் ஆபத்து. பந்து நேராக வந்தால் மோனோபாட்டோடு எழுந்து ஓடலாம், முக்காலியோடு முடியாது. பெரிய அரங்குகளிலும் எல்லைக்கோட்டு ஓரம் புகைப்படக்காரர்கள் நெருக்கியடித்து உட்காரும் இடத்தில் மூன்று கால் விரிப்பவருக்கு நண்பர்கள் இருக்க மாட்டார்கள்.

முக்காலிக்கும் இடம் உண்டு. 600 மி.மீ. லென்ஸை நாள் முழுக்க ஒரே ஆடுகளத்தை நோக்கி வைத்திருப்பவர், பார்வையாளர் மாடத்தின் மேலடுக்கில் தனி இடம் கிடைத்தவர், வீடியோ எடுப்பவர் ஆகியோருக்கு அது சரி. அப்போது அதன்மேல் கிம்பல் ஹெட் வேண்டும். அமெரிக்காவில் விம்பர்லி குடும்பத்தார் பறவைப் படக்காரர்களுக்காக உருவாக்கிப் பரவிய வடிவம் இது. சாதாரணத் தலையில் லென்ஸ் உச்சியில் உட்கார்ந்திருக்கும், சாய்த்தால் விழப் பார்க்கும். கிம்பலில் அது ஊஞ்சல் பலகை போலத் தன் எடைமையத்தில் தொங்குகிறது. விட்ட இடத்தில் நிற்கும். ஒரு விரலால் தள்ளினால் நகரும். இதற்குச் சமநிலை பார்த்து வைக்க வேண்டும். பிடிகளைத் தளர்த்திவிட்டு, லென்ஸ் பாதத்தின் அடித்தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, மூக்கு தானாகக் கவிழாத இடத்தில் இறுக்குவார்கள். அதற்கு நீளமான ஆர்கா-சுவிஸ் வகைத் தகடு உதவும். டாம்ரானின் 150-600 இரண்டாம் பதிப்பு போன்ற சில லென்ஸ்களில் பாதமே அந்த வடிவில் வார்க்கப்பட்டிருக்கிறது; மற்றவற்றுக்குத் தனியாக வாங்கித் திருக வேண்டும். கிம்பல் தலை மட்டுமே ஒன்றரைக் கிலோ வரும். மின்சார ரயிலில் வந்துபோகும் ஒருவர் இதையெல்லாம் சுமப்பதற்கு முன் யோசிப்பது நியாயம்.

மகாலட்சுமி குதிரைப் பந்தயத் திடலில் ஷட்டர் கணக்கு தலைகீழாகும். குதிரையை உறையவைத்தால் அது நிற்பது போலிருக்கும். அறுபதில் ஒன்று, நூற்றிருபத்தைந்தில் ஒன்று என வேகத்தைக் குறைத்து, குதிரையோடு சேர்த்து லென்ஸைத் திருப்பினால் குதிரை தெளிந்து பின்னணி கோடுகளாக இழுபடும். இங்கே நடுக்கம் உண்மையாகவே எதிரி. மோனோபாட் மேல்-கீழ் அசைவை அடக்கிப் பக்கவாட்டுத் திருப்பத்தை விட்டுவிடுவதால் இதற்கென்றே செய்தது போல் பொருந்துகிறது. லென்ஸின் அதிர்வுக் கட்டுப்பாட்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். கேனன் லென்ஸ்களில் இரண்டாம் நிலை என்பது திருப்பும் திசையை விட்டுவிட்டுக் குறுக்கு அசைவை மட்டும் திருத்தும். முதல் நிலையிலேயே விட்டால், சில லென்ஸ்கள் திருப்பத்தையே நடுக்கமென்று நினைத்து எதிர்த்து இழுக்கும். முக்காலியில் பூட்டிய பழைய லென்ஸ்களில் அதை அணைத்துவிடுவது வழக்கம்; அணைக்காவிட்டால், இல்லாத நடுக்கத்தைத் தேடி அதுவே ஆடத் தொடங்கும். மோனோபாட்டில் அணைக்கத் தேவையில்லை.

எதுவுமே வேண்டாத ஆட்டங்களும் உண்டு. மாட்டுங்கா இந்தியன் ஜிம்கானாவின் கூடைப்பந்துத் திடல் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள 70-200 லென்ஸைக் கையில் பிடித்தபடி கூடைக்கு அடியில் உட்கார்ந்தால் போதும். கோல் ஊன்றினால் ஆட்டக்காரர் மேலே விழும்போது விலக முடியாது. கபடியும் அப்படியே. புதிய மூன்று கிலோ லென்ஸ்களைப் பிடிக்கும் இளைஞர்கள் கிரிக்கெட்டிலும் மோனோபாட்டைக் கழற்றிவிடுகிறார்கள். இருபது ஓவர் ஆட்டத்துக்கு அது சரிதான்; 90 ஓவருக்கு அவர்களும் திரும்பி வருவார்கள்.

பீன் பேக் எனும் மணிப்பையைக் கேமராக் கடையில் விலை கொடுத்து வாங்குவது மும்பைக்காரருக்கு அழகல்ல. தாராவியில் தோலும் ரெக்சினும் கேன்வாஸும் தைக்கும் பட்டறைகள் சந்துக்குச் சந்து இருக்கின்றன. ஓரடி நீளத்தில் இரண்டு அறை, நடுவில் பள்ளம், ஒரு ஜிப் என்று காகிதத்தில் வரைந்து காட்டினால் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே அரிசியோ உலர்ந்த பயறோ நிரப்பலாம். வெறும் பையாகக் கொண்டுபோய் இடத்துக்குப் போனதும் நிரப்பிக்கொள்ளலாம் என்பது இதன் வசதி. மழையில் நனைந்தால் முளைவிடும் என்பது குறை. பிளாஸ்டிக் குருணை நிரப்பினால் அந்தக் கவலை இல்லை, எடையும் குறைவு. தடகளத்தில் தரையோடு தரையாகப் படுத்து எடுக்கவும், மாரத்தான் நாளில் சாலையோரக் கைப்பிடிச் சுவரில் லென்ஸைச் சாத்தவும் இதைவிட மலிவான தாங்கி கிடையாது. செம்பூரை ஒட்டிய மாகுல் கழிமுகத்தில் பூநாரைகளைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கும் இதே பைதான். கூப்பரேஜ் போன்ற கால்பந்துத் திடலில் வலைக்குப் பின்னால் ஆளில்லாமல் வைக்கும் கேமராவுக்குக் கவ்வியும் சிறு முக்காலியும் போதும். அங்கே நீண்ட லென்ஸுக்கு வேலையில்லை.

கோட்டைப் பகுதியில் போரா பஜார் தெருவும் அதன் சுற்றுப்புறமும் நகரத்தின் பழைய கேமராச் சந்தை. வாங்கப் போகிறவர் தன் கேமராவையும் லென்ஸையும் கூடவே எடுத்துப்போக வேண்டும். கடைக்காரர் மாட்டிக் காட்டும் சிறு லென்ஸில் எல்லா மோனோபாட்டும் உறுதியாகத்தான் இருக்கும். மடித்த நீளத்தையும் அங்கேயே பையில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. மாலை ஆறரை மணிக்குச் செம்பூருக்கு ஹார்பர் லைன் வண்டி ஏறுகிறவர் பையை மார்பில்தான் கட்டியாக வேண்டும். அதிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும் கோல் அடுத்தவர் முகவாயில் இடிக்கும். அதற்கு மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் பதில் கிடைக்கும்.

1948இல் தொடங்கிய காங்கா லீக் மழைக்காலத்தில் ஆடுவதற்கென்றே ஏற்பட்ட கிரிக்கெட். சேற்றில் பந்து எகிறுவதும் வழுக்குவதும் அதன் சுவை. அதே சேறு மோனோபாட்டின் ரப்பர் நுனியை ஓவருக்கு ஒரு அங்குலம் விழுங்கும். கூர்முனை மாட்டினால் இன்னும் வேகமாக இறங்கும். கூர்முனை காய்ந்த புல்தரைக்குத்தான். ஈர மண்ணுக்கு அகலமான பாதம் வேண்டும். டப்பா மூடியொன்றை மண்ணில் கவிழ்த்து அதன்மேல் ஊன்றுவது செலவில்லாத வழி. பூட்டு விஷயத்திலும் மழை ஒரு கருத்து சொல்கிறது. நெம்புகோல் பூட்டில் சேறு புகுந்தால் வெளியே தெரியும், துணியால் துடைக்கலாம். திருகு பூட்டில் உள்ளே போய் உட்கார்ந்து, திருகும்போதெல்லாம் நறநறக்கும். மாறாக, திருகு பூட்டைக் கையால் முழுக்கக் கழற்றிக் கழுவிவிடலாம். நெம்புகோலுக்குத் திருப்புளி தேட வேண்டும்.

சேற்றைவிடக் கெடுதல் உப்பு. வான்கடேக்கும் பிராபோர்னுக்கும் கடல் கூப்பிடு தூரம். மரைன் டிரைவ் காற்று அலுமினிய இணைப்புகளில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். சில மாதம் கவனிக்காவிட்டால் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் இறுகிவிடும். ஆட்டம் முடிந்த இரவே கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, மடிக்காமல் நீட்டிய நிலையிலேயே காயவிட வேண்டும். ஜூலை மாதத்துச் செம்பூர் வீட்டில் கொடித் துணியே இரண்டு நாளில் காய்வதில்லை என்பதால், மோனோபாட்டின் குழாய்களையும் துணிகளோடு சேர்த்து மின்விசிறிக்குக் கீழே நிறுத்திவிடுகிறார்கள்.